சோதனை முடியும் வரை

2009 ஜனவரி 25, ஞாயிறு

புருவப் பென்சில் முடிந்துவிட்டது. கலியாணவீடுகளுக்கென்று வாங்கி வைத்தது. முழுவதும் என் முதுகில்தான் போனது.

சனி ஞாயிறுக்குப் பஃபலோவிலிருந்து வந்த மகள் சுபாங்கி காலையிலிருந்து என்னைக் கார்பெட்டில் குப்புறப் படுக்கவைத்து, தோள்பட்டை எலும்பின் ஓரம், கழுத்தடியில் துருத்தும் ஏழாவது முள், இடுப்பெலும்பின் இரண்டு மேடு என்று தடவித் தடவிக் கோடு கீறினாள். புத்தகத்தைப் பார்த்தாள். பிழை என்றாள். அழித்துவிட்டுத் திரும்பவும் கீறினாள். இவர் சோபாவில் பேப்பர் படித்தபடி, "ரோட்டுப் போடப் போறியோ பிள்ளை?" என்று கேட்டார்.

"அடுத்தது நீங்கள்தான் அப்பா."

பேப்பரோடு அறைக்குள் போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார்.

பின்னேரம் மரக்கறிக் கடையில் கனகம் அன்ரி பிடித்துக்கொண்டா. "மகள் பஃபலோவில டொக்டருக்கோ படிக்கிறா?" ஓம் என்றேன். "ஊசி போடுவாவோ?" இல்லை, பிசியோதெரப்பி, அதிலே டொக்டரேற் என்றேன். "ஓ, மசாஜ்." முருங்கைக்காய்க் கட்டைத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டேன். மசாஜாம். ஒரு முழங்கால் மடங்குவதற்கு எத்தனை தசை வேலை செய்கிறது, எந்த நரம்பு கட்டளை கொடுக்கிறது, அந்த நரம்பு முதுகில் எந்த முள்ளுக்குள்ளால் வெளியே வருகிறது என்று என் பிள்ளை நித்திரையிலும் சொல்லுவாள். வாய் வரை வந்தது. விசர்ச் சனத்தோடு என்ன கதை.

தம்பியிடமிருந்து இன்றைக்கும் ஒன்றுமில்லை.

ஜனவரி 31, சனி

தம்பி நவரட்ணம் கடைசியாக எடுத்தது கார்த்திகையில். ஊரில் சண்டைக்குள் எங்கேயோ இடம்பெயர்ந்துபோய், யாருடையதோ போனில். நாலு நிமிடம் கிடைத்தது. அதில் இரண்டு நிமிடம் சுபாங்கியோடு கதைத்தான். நேரில் ஒருநாளும் காணாத மருமகள். "பிள்ளை, என்ர முழங்கால் நோகுது, உன்ர படிப்பில மருந்து இருக்கோ?" என்று பகிடியாய்க் கேட்டான். இவள் உடனே, "மாமா, கதிரையில இருந்து காலை நீட்டி, பத்து எண்ணுமட்டும் பிடியுங்கோ" என்றாள். அவன் சிரித்தான். "கதிரைக்கு நான் எங்கை போவன்?"

இவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் விடவில்லை. "அப்ப மரக்குத்தி, கிணத்துக்கட்டு, உயரமா எது இருந்தாலும் ஓக்கே மாமா." அதற்குள் லைன் போய்விட்டது.

இன்றைக்கு அவளுடைய நீலக் கொப்பியைத் தற்செயலாகத் திறந்தேன். முதல் பக்கத்தில் அவன் பெயர். இங்கிலீசில், 'முதல் நோயாளி' என்று. வலது முழங்கால், உடற்பயிற்சி, எந்தத் திகதி, எல்லாம் எழுதியிருக்கிறாள். கடைசி வரியில், 'பயிற்சி சொல்ல முதல் கதிரை இருக்கிறதா என்று கேள்.'

கொப்பியை இருந்த மாதிரியே வைத்தேன்.

பெப்ரவரி 15, ஞாயிறு

நெஞ்சும் மூச்சும் என்று ஒரு பாடமாம் இந்தத் தவணை. மே மாதம் செய்முறைச் சோதனை. வாத்தியார் பக்கத்தில் நிற்க, ஒரு ஆளைத் தொட்டு, கேட்டு, எண்ணிச் செய்துகாட்ட வேண்டும். அதில் ஃபெயில் என்றால் அடுத்த வருடத்துக்கு ஏற்றமாட்டார்கள். திரும்பவும் ஒரு வருடம்.

இன்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்க்கிறாள் என்று இருந்தேன். ஒரு நிமிடம் போனது, விடவில்லை. "என்ன, நாடி ஒளிச்சிட்டுதோ?" என்றேன்.

"நாடி எப்பவோ முடிஞ்சுது. இப்ப உங்கட மூச்சை எண்ணினன்."

நோயாளிக்குச் சொல்லிவிட்டு மூச்சை எண்ணக்கூடாதாம். சொன்னால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்க்கிற மாதிரியே கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சுக்கு விட வேண்டும். எனக்கு அது சரியான கெட்டித்தனமாகப் பட்டது. எந்தப் பாவி கண்டுபிடித்தானோ, அவன் மனிசரை நன்றாக அறிந்தவன்.

பதினேழு என்று கொப்பியில் எழுதினாள். "இனி ஒவ்வொரு கிழமையும் எடுப்பன். நீங்கள்தான் என்ர டேற்றா." போன கிழமை நான் அவளுக்கு அம்மா.

மார்ச் 8, ஞாயிறு

இந்தப் பிள்ளைகள் என்னதான் படிக்கவில்லை. முதல் வருடம் செத்த உடலை வெட்டிப் படித்தார்கள். அந்த நாட்களில் அவள் வீட்டுக்கு வந்தால் நான் வாசலிலேயே மறித்து, தோய்ந்துவிட்டு உள்ளே வா என்பேன். "தோயிற இடம் உள்ளதானே அம்மா இருக்கு" என்பாள். அதுவும் நியாயம்தான். ஒன்றையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போ என்று கதவையெல்லாம் நானே திறந்துவிடுவேன். வருட முடிவில் உடலைத் தந்தவர்களின் குடும்பங்களைக் கூப்பிட்டு, மாணவர்கள் பூ வைத்து நன்றி சொன்னார்களாம். இவள் ஒரு கிழவருக்கு வைத்தாள். பெயர் தெரியாது, கையில் பழைய முறிவு ஒன்று இருந்தது, தச்சுவேலை செய்தவராக இருக்க வேண்டும் என்றாள். அதைக் கேட்ட பிறகு நான் வாசலில் மறிக்கவில்லை.

பிறகு நடை. மனிசர் நடப்பதையே ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். போன கிழமை மோலில் ஒரு கடைக்குள்ளும் போகாமல், வாங்கில் இருந்து ஒரு மணித்தியாலம் சனத்தின் காலைப் பார்த்தோம். "அவருக்கு இடுப்பு. அவவுக்குச் சப்பாத்து. அந்த அங்கிளுக்குச் சின்னதா ஒரு ஸ்ட்ரோக் வந்து போயிருக்கு, அவருக்கே தெரியுமோ தெரியாது." எழும்பிப்போய்ச் சொல்லுவமோ என்று கேட்டேன். சட்டப்படி ஏலாதாம். எனக்கு வீடு வரும்வரை அந்த மனிதர்தான் மனதில்.

இன்றைக்கு மூச்சு பத்தொன்பது. நடுவில் மூன்று பெருமூச்சு. "தம்பி ஒருக்கா எடுத்தானெண்டால் பதினைஞ்சுக்கு வரும்" என்றேன். அதையும் எழுதினாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பதினாறு. தம்பியிடமிருந்து இல்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

சண்டையை நிறுத்தச் சொல்லி ஆர்ப்பாட்டம் செய்ய ஒட்டாவாவுக்குப் போன பஸ்ஸில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. வேலைக்குப் போனேன். மிசிசாகாவில் பிளேன் சாப்பாடு கட்டுகிற கிச்சினில் இன்று எழுநூறு தட்டு. எந்த ஊருக்குப் போகிற பிளேனோ. நாங்கள் நாலு தமிழ்ப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மே 10, ஞாயிறு

அன்னையர் தினம். சனத்தோடு சேர்ந்து கார்டினர் ஹைவேயை மறித்துச் சீமெந்தில் இருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு பார்க்கிங் ரிக்கற் வாங்கினதில்லை. ஆயிரக்கணக்கான சனம், குழந்தை வண்டில்களோடு பெண்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு மனிசி முழு நேரமும் என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தா. யாரென்று தெரியாது.

பஃபலோவிலிருந்து போன். "அம்மா, ரீவியில ஹைவேயைக் காட்டுறாங்கள். நீங்கள் அங்கையோ?"

"ஓம்."

"சப்பாணி கட்டி இராதேங்கோ. உங்கட இடது இடுப்பு தாங்காது. காலை நீட்டுங்கோ. தண்ணி குடியுங்கோ." பிறகு, "நானும் வந்திருக்கவேணும்" என்றாள்.

படி, சோதனை பத்து நாளில் என்றேன். காலை நீட்டினேன்.

மே 15, வெள்ளி

தம்பி இல்லை.

வவுனியாவிலிருந்து மச்சாளின் ஒன்றுவிட்ட தம்பி பஸ்ரியன் எடுத்தான். வெளியே வந்த சனத்தில் கண்ணால் கண்ட ஒருவர் சொன்னாராம். பத்தாம் திகதி. செல் விழுந்ததாம். அங்கேயே மண்ணில் தாட்டதாம். தம்பியின் மனிசி, மச்சாள் வேரோனிக்கா, எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

பத்தாம் திகதி நான் ஹைவேயில் இருந்தனான். காலை நீட்டிக்கொண்டு இருந்தனான்.

என்ர ராசா. என்ர தம்பி. முழங்கால் நோகுது எண்டவன்—

பிறகு:

இவர் வேலையை விட்டுவிட்டு வந்தார். குசினியில் நிலத்தில் இருந்து இரண்டு பேரும் அழுதோம். பிறகு இவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழு மணிக்குப் பிள்ளை வந்துவிடுவாள். புதன்கிழமை சோதனை.

ஒருவரும் ஒன்றும் பேசி முடிவெடுக்கவில்லை. எழும்பி முகம் கழுவினோம். எங்கள் ஆட்களுக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் ஏ.எல். சோதனை எடுத்தபோது பெரியப்பா செத்து, எட்டாம் நாள் செலவும் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். கெமிஸ்ற்றி கடைசிப் பேப்பர் எழுதிவிட்டு வந்தால் வீடு முழுக்க மொட்டைத் தலை. பிள்ளையின் படிப்புக் கெடக்கூடாது என்று ஊரே வாயை மூடியது. கெமிஸ்ற்றியில் நான் ஃபெயில். அது வேறு கதை.

புதன் மட்டும். ஐந்து நாள்.

மே 17, ஞாயிறு

வெளியே அழுவதற்கு இந்த மாதம் காரணம் சொல்லத் தேவையில்லை. ரீவியைப் போட்டுவிட்டு எல்லா வீட்டிலும் அழுகிறார்கள். கண் சிவந்திருந்தால் அவள் ஏன் என்று கேட்கமாட்டாள். அது ஒரு வசதி. வசதி என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

இன்று கடைசிப் பயிற்சி. முதுகில் குழாயை வைத்து மூச்சுச் சத்தம் கேட்டாள். விலாவில் இரண்டு கையையும் விரித்து வைத்து, மூச்சு எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று பார்த்தாள். சூடான கை. அந்தக் கையைப் பிடித்துக் கத்தவேண்டும் போல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு மணிக்கட்டைப் பிடித்தாள். எனக்குத் தெரியாதா இந்த வித்தை? அவளே சொல்லித்தந்ததுதானே. மணிக்கூட்டு முள்ளைப் பார்த்து, ஒரு இழுப்பு, ஒரு விடல், அளந்து அளந்து விட்டேன். மூன்று தரம் எடுத்தாள். பெருமூச்சு ஒன்றைக்கூட வெளியே விடவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றையும் கொப்பியில் எழுதினாள். எல்லைப் பாலத்தில் சனம் கூடமுதல் போகவேண்டும் என்று நேரத்தோடு வெளிக்கிட்டாள். கதவடியில் என்னைக் கட்டிப்பிடித்தாள். கொஞ்சம் கூடின நேரம்.

மே 18, திங்கள்

சண்டை முடிந்துவிட்டதாம். ரேடியோவில் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் விக்ரோரியா டே விடுமுறைக்கு வாணம் விடுகிறார்கள். இவர் யன்னலைச் சாத்தினார்.

மே 19, செவ்வாய்

வேலைக்கு மர்லியாவின் காரில்தான் போய்வருகிறேன். அவளும் எங்களைப்போல வெக்ஸ்போர்ட்டில்தான் இருக்கிறாள், மன்னார் ஆள், தொண்ணூறில் ஊரை விட்டு அனுப்பப்பட்ட முஸ்லிம் சனம். தம்பியின் கதையை அவளுக்கு மட்டும் சொன்னேன். ஹைவேயில் காரை ஓரமாக்கி நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுபாங்கிக்கு இன்னும் சொல்லவில்லை, நாளைக்குச் சோதனை என்றேன்.

"மலர் அக்கா, நான் சொல்றன்டு கோவிக்க வேணாம். எங்கட உம்மா மௌத்தான நேரம் நான் புள்ளத்தாச்சி. எனக்குச் சொல்லல்ல. மூணு கிழம. எல்லாரும் எனக்காகத்தான் செஞ்சாங்க. எனக்கு இன்னும் மனசு ஆறல்ல."

ஒரு நாளுக்காக என்ன செய்வது என்றேன். அவள் காரை எடுத்தாள். மிசிசாகா வரும்வரை நான் அதையே யோசித்தேன். பிள்ளை என்னை மன்னிக்காவிட்டால்? படிப்பு முடிந்து டொக்டர் என்று பெயருக்கு முன்னால் போட்டபிறகும் இதை நெஞ்சுக்குள் வைத்திருந்தால்? போனைக் கையில் எடுத்தேன். திரும்பவும் பையில் போட்டேன். ஒரு நாள்தானே.

மே 21, வியாழன்

நேற்று நடந்ததை இன்று காலைதான் எழுத முடிகிறது.

மத்தியானம் குறுஞ்செய்தி வந்தது. பாஸ். வகுப்பில் இரண்டாவது கூடின புள்ளி. வாசித்துவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அடுத்தது சொல்ல வேண்டுமே.

ஆறரைக்கு வந்தாள். இவர் சோபாவின் நுனியில். நான் வாசலுக்கே போனேன். "பிள்ளை, வந்து இரு. ஒரு கதை சொல்லவேணும்."

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "மாமா தானே அம்மா" என்றாள்.

இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் இரண்டு கையையும் விரித்தார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள்தான் சொன்னீங்கள்." நீலக் கொப்பியை எடுத்தாள். "இஞ்சை பாருங்கோ. பதினேழு. பத்தொன்பது. பதினாறு. இருபது. ஒரு கிழமை மாதிரி ஒரு கிழமை இல்லை. நீங்கள் பெருமூச்சு விடுவியள், நடுவில கதைப்பியள், கனகம் அன்ரியைத் திட்டுவியள். ஞாயிற்றுக்கிழமை மூண்டு தரம் எடுத்தன். பதினாலு, பதினாலு, பதினாலு. ஒருத்தரும் அப்பிடி மூச்சு விடுறேல்லை அம்மா. நீங்கள் எண்ணி எண்ணி விட்டனீங்கள். ஏதோ ஒளிக்கிறியள் எண்டு விளங்கிச்சு."

கொப்பியை மூடினாள்.

"பிறகு யோசிச்சன். ஒவ்வொரு கிழமையும் 'தம்பி எடுக்கேல்லை' எண்டு சொல்லுவியள். இந்தக் கிழமை ரெண்டு நாளும் ஒருக்காக்கூடச் சொல்லேல்லை."

கடவுளே, என்ன பிள்ளை இது. என் வயிற்றில் பிறந்ததா? அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது பெருமைதான், உண்மையை எழுத வேண்டும். அவளுக்கு ஒரு எந்திரமும் தேவைப்படவில்லை. கையும் கண்ணும் பொறுமையும் போதும். மூன்று மாதமாக எண்ணி வைத்திருந்தாள், அதனால் ஒரே ஒரு நாளின் பொய் பிடிபட்டது. இதைத்தான் அங்கே படிப்பிக்கிறார்கள். மசாஜாம்.

"அப்ப ஏன் கேக்கேல்லை?" என்றேன்.

"கேட்டால் நீங்கள் சொல்லவேண்டி வரும். பிறகு நான் ஃபெயில் எண்டால், சொன்னதாலதான் எண்டு சாகுமட்டும் அழுவியள். அதான் பாஸ் பண்ணிப்போட்டு வருவம் எண்டு போனனான்."

இவர் எழும்பி வந்து அவள் தலையைத் தடவினார். அதோடு முடிந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அவள் முடிக்கவில்லை.

"ஆனா அம்மா, உங்களுக்கு அப்பா இருந்தவர். ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்பியள். எனக்கு அங்கை ஒருத்தரும் இல்லை. மூண்டு நாள். லாபில மற்றவையின்ர மூச்சை எண்ணிக்கொண்டு நிண்டனான்."

ஐயோ. நான் என்னத்தைச் செய்துபோட்டன்? படிப்புக் கெடக்கூடாது எண்டு பிள்ளையைத் தனிய விட்டுட்டன். அவளுக்கும் அவன் மாமன்தானே. அவளின்ர முதல் நோயாளி எல்லோ.

"பிழை என்னிலதான் பிள்ளை" என்றேன். அவள் என் மடியில் தலையை வைத்தாள். அப்போதுதான் அழுதாள். விலாவில் கையை வைத்துக்கொண்டிருந்தேன், அவள் எனக்கு வைத்த மாதிரி, விரல்களை விரித்து. மூச்சு எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று எனக்கும் கொஞ்சம் தெரிந்தது.

மே 24, ஞாயிறு

இருபத்திரண்டு. பெருமூச்சு ஏழு. "இதுதான் நீங்கள்" என்று எழுதினாள்.

ஜூன் 28, ஞாயிறு

மச்சாளைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. கேட்ட இடம் எல்லாம் கேட்டாகிவிட்டது. சுபாங்கி ஒவ்வொரு ஞாயிறும் முதலில் அதைத்தான் கேட்கிறாள். இல்லை என்றால் இல்லை என்று சொல்கிறேன்.

ஓகஸ்ட் 12, புதன்

காலை பஸ்ரியன் எடுத்தான். மச்சாள் உயிரோடு இருக்கிறா. செட்டிகுளம் முகாமில். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

இவர் சொன்னார், "நாளைக்கு அவளுக்குச் சோதனை எல்லோ." நரம்புப் பாடம், கோடைத் தவணையின் கடைசிப் பேப்பர். எனக்கும் தெரியும். யன்னலடியில் நின்று ஒரு நிமிடம் யோசித்தேன். பெரியப்பாவின் வீட்டு மொட்டைத் தலைகள் ஞாபகம் வந்தன. அம்மா இருந்திருந்தால் போனை என் கையிலிருந்து பறித்திருப்பா.

பஃபலோ நம்பரை அழுத்தினேன். ஒளிவுமறைவில்லாமல், ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் மூச்சு கேட்டது. பிறகு, "எந்தக் கால்?" என்றாள். "முழங்கால் இருக்கோ?"

"இடது கால். முழங்கால் இருக்கு."

"முழங்கால் இருக்கிறது பெரிய விசயம் அம்மா. அந்தப் பாடம் எங்களுக்கு அடுத்த தவணைதான். புத்தகம் இருக்கு. இருவது நிமிசம் தாங்கோ."

பதினெட்டாவது நிமிடத்தில் எடுத்தாள். காலுக்குக் கீழே தலையணை வைக்கக்கூடாதாம், சுகமாக இருந்தாலும். முழங்காலை மடித்துத் தொங்கவிட்டபடி கனநேரம் இருக்கக்கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம், இருபது நிமிடம் குப்புறப் படுக்கவேண்டும். இல்லாவிட்டால் தசை சுருங்கி, நாளைக்குச் செயற்கைக் கால் கிடைத்தாலும் நிமிர்ந்து நிற்க ஏலாது. நான் கடுதாசியில் எழுதினேன். "அம்மா, முதல் கேளுங்கோ. அங்கை அவ படுக்கிறதுக்கு மட்டமான இடம் இருக்கோ எண்டு."

வெள்ளிக்கிழமை மச்சாளோடு கதைக்க ஒழுங்குபண்ணித் தருகிறேன் என்று பஸ்ரியன் சொல்லியிருக்கிறான். அதற்குமுன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நானே கார்பெட்டில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். பத்தாவது நிமிடம் இடுப்பின் முன்பக்கம் இழுத்தது. கழுத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்தால் சமாளிக்கலாம். இதையும் மச்சாளுக்குச் சொல்ல வேண்டும். இவர் வந்து பார்த்துவிட்டு, தானும் பக்கத்தில் படுத்தார்.

ஓகஸ்ட் 13, வியாழன்

சோதனை பரவாயில்லையாம். ஒரு கேள்வி விட்டுவிட்டாளாம். அதை மூன்றாவதாகத்தான் சொன்னாள்.

முதலில் கேட்டது, மாமி குப்புறப் படுக்க இடம் இருக்கிறதா என்று. இரண்டாவது, மாமியின் முழுப்பெயர், எழுத்துக்கூட்டி. கொப்பியில் மாமாவுக்கு அடுத்த பக்கம் அவவுக்காம்.